வேஷம் கட்டி ஓடுவது எப்படி: தீம் ரன் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வேஷம், வண்ணப்பொடி, இரவு வெளிச்சம் என்று ஏதாவது ஒரு கருப்பொருளை வைத்து நடத்தும் ஓட்டங்களைத்தான் தீம் ரன் என்கிறோம். அவற்றில் தடுமாறுகிறவர்கள் ஓடத் தெரியாதவர்கள் அல்ல. ஒரு மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்துவிட்டு, வேஷத்தை மட்டும் முந்தின நாள் ராத்திரி உறையிலிருந்து பிரிப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள். பல ஓட்டங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஓட்டம் வேறு, வேஷம் வேறு என்று நினைப்பதால் வரும் வினை அது. உடம்பில் எது ஏறினாலும், இறக்கையோ, தோளிலிருந்து முதுகில் தொங்கும் துணியான கேப்போ, முகச்சாயமோ, அதையும் சேர்த்துத்தான் பயிற்சி எடுக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுக்க அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

5 கிலோமீட்டரையோ 10 கிலோமீட்டரையோ ஓடியும் நடந்தும் முடிக்க உங்களால் முடியும் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த அளவுக்கு இன்னும் வரவில்லை என்றால் முதலில் சாதாரண உடையில் அதைப் பழகிவிட்டு வாருங்கள். முன்கூட்டியே வேண்டியவை: மூன்று நான்கு வாரம் அவகாசம், பழகிய ஷூ, வாசலின், ஒரு டஜன் ஊக்கு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இரண்டு.

1. வேஷம் வாங்கும் முன் விதிமுறையைப் படியுங்கள்

பதிவு செய்ததும் பலர் செய்கிற முதல் வேலை வேஷம் தேடுவது. அது இரண்டாவது வேலை. முதலில் விதிமுறைப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

பார்க்க வேண்டியவை நான்கு. முகம் முழுக்க மூடும் முகமூடிக்கு அனுமதி உண்டா? கையில் வாள், துப்பாக்கி மாதிரி பொம்மை ஆயுதம் கொண்டுபோகலாமா? இறக்கை, கேப் போன்றவற்றுக்கு நீள அகல வரம்பு இருக்கிறதா? ஓட்டத்தை எவ்வளவு நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு என்ன? முகமூடிக்கும் பொம்மை ஆயுதத்துக்கும் பல ஓட்டங்களில் தடை உண்டு. பாதுகாப்புச் சோதனையில் நிற்பவர்களால் தூரத்திலிருந்து பொம்மை எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது என்பதுதான் காரணம். வாசலில் வாளைப் பறிகொடுத்துவிட்டு அரை வேஷத்தோடு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் படித்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

2. நேரத்துக்கு ஓடுகிறீர்களா, கொண்டாட ஓடுகிறீர்களா?

இதைப் பதிவு செய்யும்போதே தீர்மானித்துவிடுங்கள். வண்ணப்பொடி ஓட்டங்கள் பெரும்பாலும் நேரம் எடுப்பதே இல்லை. கதாபாத்திரங்களோடு படம் எடுக்கிற ஓட்டங்களில் நேரம் எடுப்பார்கள், ஆனால் வழியெல்லாம் வரிசை நிற்கும். இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இரண்டும் கிடைக்காமல் போகிறது. படத்துக்கு நிற்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், ஓடும்போது விட்டுவந்த படத்தை நினைக்கிறார்கள்.

கூட வருகிறவர்களிடமும் இதைப் பேசி முடித்துவிடுங்கள். ஒருவர் வேகமாக ஓட வந்து, இன்னொருவர் படம் எடுக்க வந்திருந்தால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே முகம் சுளிக்கத் தொடங்கிவிடும். தனித்தனியாக ஓடி முடிவில் சந்திப்பது என்றாலும் சரிதான், ஆனால் அதை முன்பே பேசியிருக்க வேண்டும்.

3. வேஷத்தைக் காலிலிருந்து மேலே கட்டுங்கள்

புதியவர்கள் தலையிலிருந்து தொடங்குகிறார்கள்: கிரீடம், விக், முகச்சாயம் என்று. அப்புறம் அதற்குப் பொருந்துகிற காலணி தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

முதலில் ஷூ. வழக்கமாக ஓடுகிற ஷூவையே போடுங்கள். வேஷத்துக்கு ஏற்ற நிறம் வேண்டுமானால் லேஸை மாற்றுங்கள், அல்லது கணுக்காலுக்கு மேல் துணி உறை மாட்டுங்கள். ஷூவை மாற்றினால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் மற்ற எதுவும் உதவாது.

அடுத்தது தோலை ஒட்டும் அடுக்கு. இது முழுக்க உங்கள் வழக்கமான ஓட்ட உடையாக இருக்கட்டும், வேஷம் அதற்கு மேல் ஏறட்டும். இரண்டு காரணம். ஜரிகை, நெட் துணி, பளபளப்புத் தூள் போன்றவை நேரடியாகத் தோலில் உரசினால் 3 கிலோமீட்டருக்குள் சிவந்து எரியும். அதோடு, வெக்கை தாங்காவிட்டால் மேல் அடுக்கைக் கழற்றிவிட்டு ஓட ஏதாவது இருக்க வேண்டும்.

மூன்றாவதாகத்தான் வேஷத்தின் பெரிய உறுப்புகள். கேப் கட்டினால் கழுத்தில் முடிச்சுப் போடாதீர்கள். இரண்டு தோளிலும் ஊக்கு குத்துங்கள், நீளம் முழங்காலைத் தாண்டக் கூடாது. நெரிசலில் பின்னால் வருகிறவர் மிதித்தால், கழுத்துமுடிச்சு உங்களைப் பின்னால் இழுக்கும். தோளில் குத்தியிருந்தால் ஊக்கு பிய்ந்துவிடும், நீங்கள் விழ மாட்டீர்கள்.

இறக்கை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒரு ஓட்டத்தில் எனக்கு முன்னால் தேனீ வேஷத்தில் ஒரு பெண் ஓடினார். மஞ்சளும் கறுப்புமாக அழகான உடை, கம்பி வளைத்துச் செய்த இறக்கை. எலாஸ்டிக் பட்டை இரண்டும் அக்குள் வழியாக வந்தன. ஒவ்வொரு அடிக்கும் இறக்கை ஒரு அங்குலம் மேலே எழும்பிக் கீழே விழுந்தது, பட்டை அக்குளை அறுத்தது. இரண்டாவது கிலோமீட்டரில் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மீதி 8 கிலோமீட்டரும் ஒரு கையை வீச முடியாமல், தோள் ஒரு பக்கம் சாய்ந்தபடி ஓடினார். தண்ணீர் மேசையில் நின்றபோது பார்த்தேன், கம்பி முனை குத்திய இடத்தில் தோள்பட்டையில் நீளமாகக் கீறியிருந்தது. பட்டையை நம்பாமல் இறக்கையைச் சட்டையின் முதுகில் நான்கு இடத்தில் தைத்திருந்தால், கம்பி முனையைத் துணி டேப்பால் சுற்றியிருந்தால், கடைசிவரை அவர் தேனீயாகவே ஓடியிருப்பார்.

விக் வேண்டாம் என்பது என் கருத்து. தலையிலிருந்து வெளியேற வேண்டிய வெக்கையை அது அடைத்துவிடும். நிறத் தலைப்பட்டை, வண்ண முடிக்கயிறு போன்றவை பாதி வேலையைச் செய்துவிடும். பஞ்சு அடைத்த முழு உடல் பொம்மை உடுப்பும் அப்படித்தான். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். ஆவியாக வழி இல்லாவிட்டால் எவ்வளவு வியர்த்தும் பயன் இல்லை. அந்த உடுப்புதான் வேண்டும் என்றால் 5 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், நடையும் ஓட்டமுமாகப் போங்கள்.

கடைசியாக முகம். தண்ணீரில் கரையும் முகச்சாயம் வாங்கி, முந்தின நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். அரிப்பு வந்தால் முகத்தில் போடாதீர்கள். பகல் ஓட்டம் என்றால் சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் சாயம். புருவத்துக்கு மேல் நெற்றியில் எதுவும் தீட்டாதீர்கள், தீட்டினால் வியர்வைத் தலைப்பட்டை கட்டாயம். நெற்றியில் இருப்பது எல்லாம் கண்ணுக்குத்தான் வந்து சேரும்.

4. வேஷத்தோடு ஒரு முறை ஓடிப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்னால், முழு வேஷத்தோடு 4 அல்லது 5 கிலோமீட்டர் ஓடுங்கள். கூச்சமாக இருந்தால் விடியற்காலையில் போங்கள்.

பத்து நாள் என்பதற்குக் காரணம் உண்டு. எங்காவது உரசிப் புண்ணானால் ஆறுவதற்கு நாள் வேண்டும், எதையாவது தைத்துச் சரிசெய்யவும் நாள் வேண்டும்.

முதல் கிலோமீட்டரில் எல்லாமே சரியாகத்தான் தெரியும். வியர்த்து நனைந்த பிறகுதான் துணி கனக்கும், நழுவும், உரசும். அதனால் வீட்டுக்குள் நாலு குதி குதித்துப் பார்த்தால் எதுவும் தெரியவராது. ஓடி முடித்துக் குளிக்கும்போது எங்கெல்லாம் எரிகிறதோ, ஓட்டத்தன்று வாசலின் போட வேண்டிய இடங்கள் அவைதான். குறித்து வையுங்கள்.

ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நொடி கூடுதலாகிறது என்றும் பாருங்கள். கேப்போடு ஓடினால் எனக்கு 20 நொடி கூடும், எதிர்காற்றில் 30. கீழே நேரக் கணக்குப் போடும்போது இந்த எண் வேண்டியிருக்கும்.

5. வண்ணப்பொடி ஓட்டமானால்

தூவுகிற பொடி பெரும்பாலும் சோளமாவில் சாயம் ஏற்றியது. வாயில் கொஞ்சம் போனால் பெரிய கெடுதல் இல்லை. நுரையீரலுக்கும் கண்ணுக்கும்தான் அது ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். போவதானால் இன்ஹேலர் கையில் இருக்கட்டும், பொடி தூவும் இடங்களை ஓரமாகக் கடந்துவிடுங்கள்.

கண்ணில் கான்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். துகள் உள்ளே மாட்டிக்கொண்டால் கையெல்லாம் பொடியாக இருக்கும்போது எடுக்கவும் முடியாது. கண்ணாடியோ கூலிங்கிளாஸோ போதும். தூவும் இடத்துக்குப் பத்து அடி முன்பே மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் மூடி, மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். அந்த இடத்தில் வேகம் எடுக்காதீர்கள். வேகம் எடுத்தால் மூச்சு வாங்கும், வாய் தானாகத் திறக்கும்.

தலைமுடியில் முன்கூட்டியே எண்ணெய் தடவுங்கள். காதுமடல், கழுத்து, நகக்கண் ஆகியவற்றில் வாசலின். சாயம் தோலிலும் முடியிலும் நேரடியாக ஒட்டாமல் இருந்தால் ஒரே கழுவலில் போய்விடும்.

ஷூ விஷயத்தில் ஒரு தவறு எப்போதும் நடக்கிறது. "எப்படியும் பாழாகப் போகிறது" என்று அடிப்பாகம் தேய்ந்து வழவழப்பான பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பொடியோடு தண்ணீர் சேர்ந்தால் சாலை பசை மாதிரி வழுக்கும். பழைய ஷூ போடலாம், ஆனால் அடியில் பிடிமானம் இருக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றில் மிதக்கும் மாவுத்தூள் தீப்பிடிக்கும். 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப் பூங்கா விழாவில் தூவிய வண்ண மாவு பற்றிக்கொண்டு 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் தீக்காயப்பட்டார்கள். திறந்தவெளியில் ஓடிக்கொண்டே கடக்கும்போது பொடி சீக்கிரம் கலைந்துவிடும். ஓட்டம் முடிந்து மேடைக்கு முன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் தூவும் கூட்டத்தில் அது அடர்த்தியாக நிற்கும். அங்கே சிகரெட், மத்தாப்பு, சூடேறிய விளக்கு எது கண்ணில் பட்டாலும் குழந்தைகளை அழைத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

6. இரவு ஓட்டமானால்

பகலில் கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் பச்சையும் ஆரஞ்சும் இரவில் தெரியும் என்று நம்பி வருகிறவர்கள் நிறையப் பேர். தெரியாது. அந்த நிறங்கள் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் பளிச்சிடுகின்றன. இரவுக்கு வேண்டியது ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை. அதை நெஞ்சில் மட்டும் ஒட்டாமல் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு ஆகியவற்றில் கட்டுங்கள். மூட்டுகள் அசைவதைப் பார்த்தால்தான், வருவது ஒரு மனிதர் என்று வண்டி ஓட்டுபவருக்குச் சட்டென்று புரியும்.

ஒளிக்குச்சிகளை வளைத்து உடைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்து இரண்டு திரவம் கலப்பதால் வருகிற வெளிச்சம் அது, தொடங்கினால் நிறுத்த முடியாது. முதல் அரை மணிதான் நல்ல பிரகாசம். ஒரு இரவு ஓட்டத்தை ஏற்பாட்டாளர்கள் 50 நிமிடம் தாமதமாகத் தொடங்கினார்கள். திடலுக்குள் நுழைந்ததுமே உடைத்தவர்கள் கையில் ஓட்டத்தின்போது மங்கல்தான் மிஞ்சியது. இரண்டை உடைக்காமல் பையில் வைத்திருங்கள். குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் திரவம் கண்ணிலும் வாயிலும் பட்டால் எரியும்.

தலைவிளக்கைப் பத்தடி தூரத்துச் சாலையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். வேகமாக மின்னும் நிலையில் வைக்காதீர்கள். கூட்டத்தில் அது எல்லோர் கண்ணையும் உறுத்தும், வலிப்பு நோய் உள்ள சிலருக்கு ஆபத்தும்கூட. மேடை விளக்கையும் கைபேசியையும் கிளம்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், முதல் வளைவில் இருக்கும் குழி அதுவரை காத்திருக்காது.

7. எண் அட்டையும் சிப்பும்

வேஷத்தின் எல்லா அடுக்குக்கும் மேலே, முன்பக்கம், எண் அட்டை. நான்கு மூலையிலும் ஊக்கு. வேஷத்தில் ஓட்டை போட மனம் வராவிட்டால் அதற்கென்றே இடுப்புப் பட்டை கிடைக்கிறது.

பெரும்பாலான அட்டைகளில், உங்கள் நேரத்தைப் பதிவு செய்ய உதவும் சிப் பின்புறம் ஒட்டியிருக்கும். மடிக்காதீர்கள், உரிக்காதீர்கள். சிப் பேசுவது ரேடியோ அலையில், அந்த அலையை உலோகமும் உடம்பில் உள்ள நீரும் தடுக்கும். அலுமினியத் தாளில் ரோபோ வேஷம் கட்டி அட்டையை அதற்குள் மறைத்துவைத்தால், சிப்பைப் படிக்கத் தரையில் விரித்திருக்கும் பாய் உங்களைப் படிக்காமல் விட்டுவிடலாம். கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியபடி முடிவுக் கோட்டைக் கடந்தாலும் அதே சிக்கல்தான். அட்டையின் பின்பக்கம், உங்கள் பெயரும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணும். வேஷத்தில் இருப்பவரை அடையாளம் காண்பது கடினம்.

8. ஓட்டத்தன்று காலை

வரிசை முக்கியம்: கழிப்பறை, வாசலின், உள் உடை, ஷூ, சன்ஸ்கிரீன், வேஷம், முகச்சாயம், எண் அட்டை. வாசலினை வேஷத்துக்கு அப்புறம் போட முடியாது. கழிப்பறையை வேஷத்துக்கு அப்புறம் சமாளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை பட்டாலே தெரியும், அதனால் ஒத்திகையின்போதே அதையும் பழகிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஓடும் முன் என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள். திடலுக்கு ஒரு மணி நேரம் முன்பே போங்கள், இந்த ஓட்டங்களில் எல்லா வரிசையும் நீளம்.

9. தொடக்கக் கோட்டில்

கூட்டத்தை அலை அலையாக அனுப்புவார்கள். பெரிய வேஷம், குழந்தை வண்டி, நடப்பவர்கள் எல்லோரும் அலையின் கடைசியில் நிற்பதுதான் மரியாதை, பாதுகாப்பும் அதுதான். முன்னால் நின்றால் முதல் 200 மீட்டரில் ஆயிரம் பேர் உங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். சிப் இருந்தால் உங்கள் நேரம் நீங்கள் பாயை மிதிக்கும்போதுதான் தொடங்குகிறது, பின்னால் நிற்பதால் நஷ்டம் இல்லை.

நீங்கள் நின்றால் நேரத்தைத் தானாக நிறுத்திவைக்கும் வசதி (auto pause) கடிகாரத்தில் இருந்தால் அணைத்துவிடுங்கள். படத்துக்கு நிற்கும்போது உங்கள் கடிகாரம் நிற்கும், ஓட்டத்தின் கெடு நிற்காது.

10. வழியில்: படமும் நேரக் கணக்கும்

நிற்க வேண்டும் என்றால் முதலில் ஒரு கையைத் தூக்குங்கள், திரும்பிப் பாருங்கள், ஓரத்துக்கு வாருங்கள், அப்புறம் நில்லுங்கள். இந்த ஓட்டங்களில் நான் பார்த்த மோதல்களில் பெரும்பாலானவை, யாரோ ஒருவர் நட்ட நடுவில் சட்டென்று நின்று செல்ஃபி எடுத்ததால் நடந்தவை. நாலைந்து பேர் கைகோத்துச் சாலையை அடைத்து நடப்பதும் கூடாது, இரண்டு இரண்டு பேராகப் போங்கள்.

நேரக் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வாருங்கள். உதாரணத்துக்கு டிஸ்னி நடத்தும் ஓட்டங்களில் ஒரு மைலை 16 நிமிடத்துக்குள் முடிக்கும் வேகம் கேட்கிறார்கள். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 நிமிடம், ஆக 10 கிலோமீட்டருக்கு 99 நிமிடம். வேஷத்தோடு நீங்கள் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் ஓடினால் 80 நிமிடம் ஆகும், கையில் 19 நிமிடம் மிஞ்சும். ஒரு படவரிசைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் நான்கு படம் எடுக்கலாம். ஆனால் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். வியர்த்து நனைந்த வேஷத்தோடு கடைசி 3 கிலோமீட்டர் ஒருநாளும் போட்ட கணக்குப்படி வராது. எந்த மூன்று என்பதையும் முன்பே தேர்ந்தெடுத்துவிடுங்கள். முதல் வளைவில் தெரிகிற முதல் வரிசையிலேயே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், அங்கேதான் கூட்டமும் அதிகம்.

தண்ணீர் மேசை எதையும் தவறவிடாதீர்கள். தாகம் எடுக்கிற அளவுக்குக் குடியுங்கள், வயிறு குலுங்கக் குடிக்க வேண்டாம். தலை சுற்றல், வெயிலில் மயிர்க்கூச்செறிவது, குமட்டல், பேச்சுக் குழறல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நின்று, நிழலுக்குப் போய், வேஷத்தின் மேல் அடுக்கைக் கழற்றிவிட்டுத் தன்னார்வலரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் தெரிந்தாலும் அதே. முகச்சாயத்துக்கு அடியில் முகம் வெளுத்திருப்பது வெளியே தெரியாது, அதனால் நடையையும் பேச்சையும் கவனியுங்கள்.

11. முடிந்த பிறகு

மெடல் வாங்கியதும் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று படம் எடுக்காதீர்கள், பின்னால் வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். பாயின் மேல் திரும்ப நடக்கவும் கூடாது, சிப்பை அது மறுபடி படித்துவிடும்.

வண்ணப்பொடியாக இருந்தால் தண்ணீர் கடைசியில்தான். முதலில் உலர்ந்த நிலையிலேயே தலையைக் கவிழ்த்து உதறுங்கள், சீப்பால் வாருங்கள், துணியை உதறுங்கள். ஈரம் பட்ட மாவு பசையாகிச் சாயத்தைத் தோலில் பிடித்து வைத்துவிடும். உதறி முடித்தபின் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் சோப்பு. உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வண்டி இருக்கையில் விரிக்க ஒரு பழைய போர்வையைக் காலையிலேயே எடுத்து வைத்திருந்தால் நல்லது.

முகச்சாயத்தைத் தேய்த்து எடுக்காதீர்கள். உப்பு படிந்த தோல் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும், ஈரத்துணியை ஒரு நிமிடம் ஒற்றிவைத்து மெல்லத் துடையுங்கள். குளிக்கும்போது எரிகிற இடங்களை மறுபடி கவனித்து, ஒத்திகையில் குறித்த பட்டியலுக்குக் கீழே சேர்த்துக்கொள்ளுங்கள். என் பட்டியலில் இப்போது ஏழு இடம் இருக்கிறது. அதில் இடது அக்குளும் சட்டையின் பின்கழுத்துத் தையலும், எந்த வேஷம் போட்டாலும் மாறுவதே இல்லை.